சிவகங்கை ராணி காத்தம நாச்சியார் சரித்திரம்

செல்வம் நிலையாதது என்பதை ஆன்றோர் பலரும் வற்புறுத்திப் போந்தனர். ஆயின், நிலையாத அச்செல்வத்தின் பொருட்டு உடன்பிறந்தாரிடை எழும் பகையோ தலைமுறை மூன்று கழிந்தும் நிலைத்து நிற்கின்றது. ஒரு வயிற்றிற் பிறந்து, ஒரு கலத்தில் உண்டு, ஒரு பாயிற் கிடந்து வளர்ந்தோர், தந்தையார் உயிர் நீத்த ஓராண்டிற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காராய், ஒருவர் இல்லத்து நன்மை தீமைக்கு மற்றவர் செல்லாராய்ப் பிரிந்து நிற்றலை நாம் எத்தனையோ வீடுகளிற் கண்டிருக்கின்றோம். இப்பகைக்கு வேர் யாது என ஆராயுங்கால், பொருளாசை ஒன்றே என்று கூறி அமைதல் பொருந்தாது. எது குடும்பத்திற்குப் பொதுச் சொத்து, எது ஒருவர் தம் முயற்சியால் ஈட்டிய தனிச் சொத்து, அவற்றிற்கு யார் யார் உரியர் என்பவை உரிய காலத்தில் தெளிவாக்கப்படாமையே பெரும்பான்மையும் வேராய் உள்ளது.

நமது கூமாப்பட்டியையே எடுத்துக்கொள்வோம். மேற்கு மலையின் அடிவாரத்தே, பிளவக்கல் அணைநீரும் கண்மாய் நீரும் பாய்ந்து வளம் செய்ய, வயலும் தென்னந்தோப்புமாய்ப் பொலிவது நம் ஊர். இங்கே பாட்டனார் பெயரிலேயே இன்னும் பட்டா இருக்கும் குடும்பங்கள் பல. கூட்டுப் பட்டாவாய் நாலு பேர் பெயர் சேர்ந்திருப்பனவும் பல. கிணறு ஒன்று, பங்கு ஆறு, மோட்டாருக்கு மின்னிணைப்பு மட்டும் மூத்தவர் பெயரில் என்னும் நிலையும் புதிதன்று. நாம் பள்ளியில் தமிழ் கற்பிப்போமாதலின், பழம் பத்திரங்களைப் படித்துப் பொருள் கூறுமாறு நம்மை நாடி வருவார் உளர். அவ்வாறு வரும் பத்திரங்களுள் மிகப் பலவாய் உள்ளவை, உடன்பிறந்தாள் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதப்பெறும் விடுதலைப் பத்திரங்களே. கையொப்பம் இட வந்த பெண்மக்களிற் பலர், தாம் எதனை விடுகின்றோம் என்பதையே அறியாதவர். இதனைக் காணுந்தோறும் நம் மறவர் குலத்திற் பிறந்த பெருமாட்டி ஒருவரின் நினைவு நமக்கு வருவதுண்டு. அவரே சிவகங்கை ராணி காத்தம நாச்சியார். அவ்வம்மையாரின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

சிவகங்கை எங்கே, கூமாப்பட்டி எங்கே என்று வினவுதல் வேண்டா. 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபொழுது, மதுரை ஜில்லாவிலிருந்து சிவகங்கைச் சீமையும், திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து நம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகாவும் அதனுட் சேர்ந்தன. 1985-இல் அது பிரிக்கப்படும் வரை இரு பகுதியாரும் ஒரே ஜில்லாவினராகவே வாழ்ந்தோம். அஃதன்றியும், இவ்வம்மையார் தொடுத்த வழக்கில் நிலைபெற்ற நீதி, ஒரு சீமைக்கோ ஒரு குலத்திற்கோ மட்டும் உரியதாய் நின்றுவிடாமல், இந்திய தேசம் முழுதும் பரவியதாகும்.

சிவகங்கைச் சீமை 1730-ஆம் ஆண்டை ஒட்டி, சேதுநாட்டினின்றும் பிரிந்து, சசிவர்ணத் தேவரை முதல்வராகக் கொண்டு தோன்றியது. அவர் மைந்தர் முத்துவடுகநாதத் தேவர் 1772-இல் காளையார்கோவிலில் நவாபின் படையோடும் கும்பினிப் படையோடும் பொருது மாண்டார். அவர் தேவியார் வேலு நாச்சியார் எட்டாண்டு காத்திருந்து, 1780-இல் சீமையை மீட்டு அரசு செலுத்திய வீரம் யாவரும் அறிந்ததே. அவருக்குப் பின் மருது சகோதரர் காலத்தில் கும்பினியாரோடு பெரும் போர் மூண்டது. 1801-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். சீமைக்கு உரியவராய் இருந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் கடல் கடந்து பினாங்குத் தீவிற்கு அனுப்பப்பட்டார்.

இவ்வாறு பழைய வழி அற்றுப்போக, கும்பினியார் 1801-இல் படமாத்தூரைச் சேர்ந்த கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அங்கீகரித்தனர். 1803-ஆம் ஆண்டில் நிரந்தரத் தீர்வை ஏற்படுத்தி அவருக்கு சன்னது வழங்கினர். நிரந்தரத் தீர்வையாவது, ஆண்டுதோறும் சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகையை என்றும் மாறாதவாறு வரையறுத்து, சீமையை ஜமீனாக ஒருவருக்கு உரிமை செய்துவிடுதலாம். இஸ்திமிரார் ஜமீன்தார் என்று கௌரி வல்லபரை வழங்குதல் இதனாலேயே. இந்த ஜமீன் வயல் வரப்பைப் போலப் பலருக்குப் பங்கிடக்கூடியதன்று. ஒரு காலத்தில் ஒருவரே ஆளற்குரியது. இதனை வாசிப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கௌரி வல்லபருக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஓய்யாத் தேவர். சன்னது தம்பியார் பெயருக்கே வந்தது. தமையனார் தம்பியாருக்கு முன்னரே மூன்று புதல்வர்களை விட்டு இறந்தார். கௌரி வல்லபர் மனைவியர் பலரை மணந்தும் ஆண்மகவு பெற்றிலர். அவருக்கு வாய்த்தவர் பெண்மக்களே. அவர்களுள் ஒருவரே நம் காத்தம நாச்சியார். 1829-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கௌரி வல்லபர் காலமானார்.

அரண்மனையில் துக்கம் ஆறுமுன்னரே உரிமைக் கேள்வி எழுந்தது. தமையனாரின் மூத்த புதல்வர் முத்துவடுகத் தேவர் ஜமீனைக் கைக்கொண்டார். அவர் 1831-இல் இறக்க, அவர் மைந்தர் போதகுருசாமித் தேவர் அமர்ந்தார். அவரும் 1848-இல் இறக்க, அவர் தம்பியார், பாட்டனாரின் தம்பி பெயரையே கொண்ட மற்றொரு கௌரி வல்லபத் தேவர், ஜமீனுக்கு வந்தார். ஆகவே, ஜமீனைப் பெற்றவர் இறந்தபின் அவர் மனைவியரும் மக்களும் ஒருபுறம் நிற்க, ஜமீன் தாயாதியர் கையிலேயே மூவர் வழியாய்ச் சென்றது.

தாயாதியர் செய்தது வெறுங் கொள்ளை என்று நாம் கூறோம். அவர் பக்கத்தும் ஒரு நியாயம் இருந்தது. அதனை உள்ளபடி கூறுதலே முறை. நம் நாட்டில் வழங்கிய சாஸ்திரம் மிதாக்ஷரம் எனப்படும். அஃது ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், கலியாண நகரத்துச் சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் விஞ்ஞானேசுவரர் என்பார் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய உரை. அதன்படி, பிரியாத குடும்பத்துப் பொதுச் சொத்தில் ஆண்மக்கள் யாவருக்கும் பிறப்பினாலேயே உரிமை உண்டு. அவர்களுள் ஒருவர் ஆண் சந்ததி இன்றி இறப்பின், அவர் பங்கு எஞ்சி நிற்கும் ஏனைப் பங்காளிகளைச் சாரும். மனைவிக்கும் மகளுக்கும் உணவும் உடையும் உறையுளும் உண்டேயன்றிச் சொத்து இல்லை. அண்ணனும் தம்பியும் பிரியாத குடும்பத்தினர், ஆதலின் தம்பியின் ஜமீன் அண்ணன் வழியினராகிய எமக்கே வரும் என்பது தாயாதியர் கூற்று.

இதற்கு எதிராகப் பெண்கள் பக்கத்துக் கூற்று யாதெனின்: ஜமீன் பாட்டன் வழியாய் வந்த பிதிரார்ஜிதம் அன்று, பழைய அரச வழி அற்றபின் கும்பினியார் புதிதாய்க் கௌரி வல்லபர் ஒருவருக்கே வழங்கியது. ஆதலின் அது அவருடைய சுயார்ஜிதம். சுயார்ஜிதத்திற்கு மைந்தர் இல்லாவிடத்து மனைவியும், மனைவிக்குப்பின் மகளும் உரியர் என்பதாம். இரு கூற்றிற்கும் இடையே நின்ற முடிச்சு ஒன்றே. குடும்பம் பிரியாமல் இருந்து, அதில் ஒருவரின் தனிச் சொத்தும் இருந்தால், அத்தனிச் சொத்து எவ்வழிச் செல்லும்? குடும்பத்தின் வழியா, சொத்தின் வழியா? இதனைத் தெளிவாகத் தீர்த்த தீர்ப்பு அந்நாளில் இல்லை.

கௌரி வல்லபர் இறந்த சில ஆண்டுகளிலேயே வழக்குகள் தொடங்கின. அவர் தேவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் 1845-இல் வழக்கிட்டார். 1847-இல் மதுரையில் தீர்ப்பு அவருக்கு மாறாக அமைந்தது. குடும்பம் பிரியாதது என்பதே அதற்குக் காரணமாய்க் காட்டப்பட்டது. அவர் மேல்முறையீட்டிற்கு முயன்றார். அதன் முடிவைக் காணாமலே 1850-இல் உயிர் நீத்தார். கணவரை இழந்து இருபத்தோராண்டு, அரண்மனைக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே அறியாமல் வாழ்ந்து மறைந்த அம்மூதாட்டியின் நிலை எண்ணுதற்கு இரங்கத்தக்கது.

மனைவியர் உள்ளவரை மகளுக்கு முறை வாராது. அவர்கள் மறைந்தபின் முறை மகளுக்கு வந்தது. அப்பொழுதுதான் காத்தம நாச்சியார் முன்வந்து நின்றார். அந்நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையார் மறைந்து இருபதாண்டிற்கு மேலாயிற்று. ஜமீனின் வருவாய், சேவகர், ஆவணம் யாவும் எதிரிகள் வசம். மதுரையிலே தோல்வி பதிந்து கிடக்கின்றது. முன் வழக்கில் தோற்றபின் பின் வழக்கிற்கு இடமில்லை என்று எதிரிகள் வாதிக்கின்றனர். அந்நாளில் உயர்குடிப் பெண்கள் மறைவில் வாழ்பவர். கச்சேரிப் படி ஏறுதல் வழக்கமன்று. ஏதேனும் ஒரு தொகை பெற்று ஒதுங்கிக்கொள்ளுமாறு எவரும் கூறுதற்கு உரிய நிலை அது. அவரோ ஒதுங்கினாரில்லை. 1856-இல் தம் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார். ஜில்லாக் கோர்ட்டிலும் சென்னையில் இருந்த சதர் அதாலத்திலும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. அதற்கு மேலே எஞ்சியிருந்தது ஒரே இடம். அது லண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சில்.

சூயெஸ் கால்வாய் 1869-இல் தான் திறக்கப்பட்டது. அதற்கு முன், சிவகங்கையின் ஆவணங்கள் இங்கிலீஷில் பெயர்க்கப்பெற்றுக் கடல் கடந்து சென்று, சிவகங்கையைக் கண்ணாற் கண்டறியாத நீதிபதிகளின் முன் வைக்கப்படுதல் எத்துணைக் காலத்தையும் பொருளையும் விழுங்கியிருக்கும் என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

1863-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதி பிரிவி கவுன்சிலார் தீர்ப்பளித்தனர். டர்னர் என்னும் நீதிபதி அதனை எடுத்துரைத்தார். அதன் சாரத்தை நம் சொற்களிற் கூறுவோம். ஜமீன் பழைய வழியிலிருந்து இறங்கியதன்று. கும்பினியார் தம் விருப்பத்தின்படி கௌரி வல்லபருக்கு வழங்கியது. ஆதலின் அவருடைய தனிச் சொத்தே. அண்ணன் தம்பியர் பிரிந்திருந்தனரா பிரியாதிருந்தனரா என்னும் பெரும் பூசலைத் தீர்ப்பதற்கே அவசியம் இல்லை. பிரியாதிருந்தனர் என்றே வைத்துக்கொள்ளினும், பங்காளிக்கு எஞ்சி நிற்கும் உரிமை எதிலிருந்து பிறக்கின்றது? சொத்தைக் கூட்டாய் உடைமையிலிருந்தே பிறக்கின்றது. கூட்டாய் உடையதல்லாத சொத்தில் அவ்வுரிமைக்கு அடிப்படையே இல்லை. ஆகவே ஒரே குடும்பத்தில் பொதுச் சொத்து ஒரு வழியிலும் தனிச் சொத்து மற்றொரு வழியிலும் செல்லலாம். தனிச் சொத்து மனைவிக்கும், பின் மகளுக்கும் செல்லும். இதுவே தீர்ப்பு.

இதனை நம் ஊர் வழக்கில் வைத்து விளக்குவோம். அண்ணனும் தம்பியும் பாட்டன் நிலத்தை ஒன்றாய் உழுது, ஒரே அடுப்பில் உண்டு வாழ்கின்றனர் என்க. தம்பி வெளியூர் சென்று, குடும்பப் பணத்தில் ஒரு காசும் எடாமல், தன் உழைப்பால் ஈட்டியதைக் கொண்டு மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்குகின்றான். அடுப்பு ஒன்றே என்பதனால் தோப்பும் பொதுவாகிவிடாது. அவன் மறைந்தால் தோப்பு அவன் மனைவி மக்களைச் சாருமேயன்றி அண்ணன் மக்களைச் சாராது. கூடி வாழ்தல் வேறு, கூட்டுச் சொத்து வேறு. இவ்வளவு எளிய உண்மை நிலைபெறுதற்கு, கௌரி வல்லபர் மறைந்த பின் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

தமிழ்க் குடிகளின் வழக்குகளுக்கு வடமொழி ஸ்மிருதிகளைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகுமா என்னும் கேள்வியும் அக்காலத்தே எழுந்தது. 1868-இல் மதுரை நாட்டு வரலாற்றை எழுதி வெளியிட்டவரும், ஜில்லா நீதிபதியாய் இருந்தவருமான நெல்ஸன் துரை, மறவர் முதலாய குலத்தாருக்கு அவரவர் வழக்கமே சட்டமாதல் வேண்டும் என்று பின்னர் வலிந்து வாதித்தார். அவ்வாதத்தில் உண்மை உண்டு. வேலு நாச்சியார் அரசாண்ட மண்ணில், பெண் ஆளலாமா என்பதற்கு விஞ்ஞானேசுவரரைக் கேட்க வேண்டுவதில்லை அன்றோ! ஆயினும் காத்தம நாச்சியார் எதிரிகள் எடுத்த அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டே அவர்களை வென்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தீர்ப்பின்பின் காத்தம நாச்சியார் சிவகங்கை ஜமீனின் ராணியாக அமர்ந்து, 1877-ஆம் ஆண்டில் இயற்கை எய்தும் வரை உரிமையோடு விளங்கினார். தந்தையார் வைத்துச் சென்ற பொருளை மகள் அடைந்தார். ஆனால், அவர் பெற்ற உரிமையில் ஒரு குறை இருந்தது. அக்காலத்துச் சட்டப்படி, தந்தையிடமிருந்து பெண் அடையும் சொத்து அவளுக்கு முழு உரிமையுடையதன்று. தன் ஆயுள் உள்ளளவும் ஆண்டு அனுபவிக்கலாம். அவளுக்குப் பின் அச்சொத்து அவளுடைய வாரிசுகளுக்குச் செல்லாது, தந்தையின் வாரிசாக அப்பொழுது யார் நிற்கின்றாரோ அவருக்கே மீளும். ஆகவே ராணி மறைந்தவுடன் மீண்டும் வழக்கு மூண்டது. முத்துவடுகநாதத் தேவர், துரைசிங்கத் தேவர் என்னும் இருவரிடையே நிகழ்ந்த அவ்வழக்கும் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கே 1881-ஆம் ஆண்டில், மகள் அடைந்த உரிமை வரையறைப்பட்டதே என்னும் நீதி உறுதி செய்யப்பட்டது. தந்தைக்கு மகள் உரியள் என்று ஒரு தீர்ப்பு. அவ்வுரிமை அவள் ஆயுளளவே என்று மற்றொரு தீர்ப்பு. இரண்டும் சிவகங்கை அரண்மனையிலிருந்தே பிறந்தன.

1829 முதல் 1881 வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள். இவ்வளவு காலம் ஒரு குடும்பம் கச்சேரி வாயிலில் நின்றது. உறவினர் பகைவராயினர். குடிகளின் நலத்திற்குச் செலவாக வேண்டிய பொருள் வழக்கிற்குச் செலவாயிற்று. வென்றார்க்கும் முழு இன்பம் இல்லை, தோற்றார்க்கும் முழு அமைதி இல்லை. பின்னர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறையே ஒழிந்தது. யார் ஆள்வது என்று அரை நூற்றாண்டு வாதிட்ட ஜமீன் இன்று இல்லை. நிலைத்தது அந்த 1863-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றே.

அது நிலைத்தவாற்றையும் சிறிது கூறுவோம். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்களுக்குக் கணவர் பங்கில் உரிமை நல்கியது, மகளிரை நினைத்திலது. 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் ஆகியோர்க்குச் சமபங்கு வகுத்தது. பெண் அடைந்த சொத்து அவளுக்கு முழு உரிமையுடையது என்றும் கூறி, காத்தம நாச்சியாருக்கு இருந்த அந்தக் குறையையும் களைந்தது. ஆயினும் பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அன்று வாய்க்கவில்லை. நம் தமிழ்நாட்டு அரசு 1989-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் தேதி முதல், அதற்கு முன் மணமாகாத மகளிர்க்கு அதனை அளித்தது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி முதல் மத்திய சட்டம் அதனை எல்லா மகளிர்க்கும் விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருத்தல் வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் தேதிக்கு முன்னரே முறைப்படி பதிவாகி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் கலைத்தல் இயலாது.

இனி, வியக்கத்தக்க செய்தி ஒன்று. 2022-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20-ஆம் தேதி, நம் தமிழ்நாட்டினின்றும் சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை ஒருவர் 1949-இல் ஒரே மகளை விட்டு இறந்தார். அவர் தாமே வாங்கிய சொத்து மகளுக்கா, உடன்பிறந்தார் மக்களுக்கா என்பது கேள்வி. 1956-க்கு முன்னரே தந்தை இறந்தமையால் மகளுக்கு உரிமை இல்லை என்று கீழ்க் கோர்ட்டுகள் கூறியிருந்தன. உச்ச நீதிமன்றமோ, பழைய சட்டத்திலும் தந்தையின் தனிச் சொத்து மகளுக்கே உரியது என்று முடிவு செய்தது. அதற்கு எடுத்துக்காட்டிய பழந்தீர்ப்புகளுள் காத்தம நாச்சியாரின் வழக்கும் ஒன்று. நூற்றைம்பத்தெட்டு ஆண்டுகட்கு முன் ஒரு மறக்குலத்துப் பெருமாட்டி பெற்ற நீதி, அவர் பெயரையே கேட்டறியாத ஒரு குடியானவர் மகளுக்கு அரணாய் நின்றது. இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறு யாது வேண்டும்?

இச்சரித்திரத்தினின்றும் நம் சங்கத்துக் குடும்பத்தார் கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறி முடிப்போம்.

தந்தையர்க்கு முதற்கண் ஒரு விண்ணப்பம். கையும் அறிவும் நன்றாய் இருக்கும்பொழுதே, பிதிரார்ஜிதம் இது, சுயார்ஜிதம் இது என்று பிரித்து எழுதி வையுங்கள். எந்தப் பணத்தால் எதனை வாங்கினீர் என்பதற்குச் சான்றும் உடன் வையுங்கள். உயிலோ பாகப் பத்திரமோ எழுதுவதாயின் மக்கள் யாவரையும் அழைத்து, படித்துக் காட்டிப் பதிவு செய்யுங்கள். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று நம் கிராமத்தார் அஞ்சுவர். எழுதாமையால் அங்கமுத்து நாச்சியாரின் இருபத்தோராண்டு குறைந்ததை எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, அண்ணன் தம்பியர்க்கு. சீர் செய்தோம், நகை போட்டோம், கலியாணச் செலவு செய்தோம், ஆதலின் தங்கைக்கு இனி ஒன்றும் இல்லை என்று கூறுதல் நம்மிடைப் பெருவழக்கு. சீர் அன்பினாற் செய்வது. பங்கு உரிமையால் வருவது. ஒன்றை மற்றொன்றிற்கு ஈடாக்குதல் முறையன்று. உழுது பாடுபட்டவன் நானன்றோ என்னும் அண்ணன் சொல்லிலும் நியாயம் உண்டு, நாம் மறுக்கவில்லை. அவ்வுழைப்பிற்கு உரிய மதிப்பைக் கூடியிருந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பிறந்தகத்தின் மேல் உள்ள பாசத்தால் உடன்பிறந்தாள் தன் பங்கை விடுவதாயின், அது அவள் தரும் கொடை. கொடுப்பவள் எதனைக் கொடுக்கின்றாள் என்று அறிந்து கொடுத்தல் வேண்டும். பத்திரத்தை மடித்து வைத்துக்கொண்டு, கையொப்பம் இடும் இடத்தை மட்டும் காட்டுதல் நம் குலத்திற்கு அழகன்று.

பெண்மக்களுக்கு நாம் கூறுவது, படியாமல் எதிலும் கையொப்பம் இடாதீர் என்பதே. படிக்கத் தெரியாவிடின் படிப்பித்துக் கேளுங்கள். விட்டுக்கொடுத்தலும் உம் உரிமை, கேட்டலும் உம் உரிமை. பங்கு கேட்பவள் பிறந்தகத்திற்குப் பகை என்று கருதும் பழக்கம் ஒழிதல் வேண்டும். காத்தம நாச்சியார் கேட்டது தம் தந்தையின் பொருளையே.

கருத்து வேறுபாடு நேர்ந்தவிடத்து, முதலில் இரு பக்கத்துப் பெரியோரையும் கூட்டிப் பேசுக. அதிலும் தீராவிடின், தாலுகாதோறும் உள்ள சட்டப் பணிகள் குழுவின் வாயிலாக மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் செய்துகொள்ள வழி உண்டு. பட்டா யார் பெயரில் இருக்கின்றது என்பதொன்றே உரிமைக்கு முடிவான சான்று அன்று என்பதையும் இரு திறத்தாரும் அறிந்திருத்தல் நலம்.

வேலு நாச்சியாரின் வாளை நம் இல்லங்களிற் படமாக மாட்டி வைத்துப் போற்றுகின்றோம். அது தக்கதே. அவருக்குப் பின் அதே சீமையில் தோன்றி, தோல்விமேல் தோல்வி வந்தும் தளராது, தந்தைக்கு மகள் உரியள் என்பதைக் கடல் கடந்தும் நிலைநாட்டிய காத்தம நாச்சியாரையும் நம் பெண்மக்களுக்கு எடுத்துக் கூறுவோமாக. அடுத்த முறை நம் வீட்டில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதப்படும்பொழுது, கையொப்பம் இடுமுன் அதனை உடன்பிறந்தாளுக்கு ஒரு முறை உரக்கப் படித்துக் காட்டுவோமாயின், அதுவே அவ்வம்மையாருக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.